கூரை யாருக்குச் சொந்தம்?



சென்ற மாதம் நமது சங்கத்தின் செயற்குழுவில் ஒரு தீர்மானம் வைக்கப்பட்டது. சங்கக் கட்டடத்தின் மொட்டை மாடியில் 5 கிலோவாட் சோலார் தகடுகள் பொருத்துவது, அதற்கான 3 லட்ச ரூபாயைச் சங்கத்தின் வைப்பு நிதியிலிருந்து எடுப்பது என்பதே அத்தீர்மானம். இளைஞர்கள் கைதட்டினார்கள். பொருளாளர் மட்டும் எழுந்து, "அது நம் ஆட்கள் இறந்தால் ஊருக்கு அனுப்பி வைக்கச் சேர்த்த பணம் ஐயா" என்றார். கூட்டம் அடங்கிவிட்டது. முடிவைப் பொதுக்குழுவுக்கு விட்டுவிட்டுக் கலைந்தோம்.

பொதுக்குழு கூடுமுன் நம் உறுப்பினர்கள் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் பொறியியல் படித்தவன் அல்லன். பத்தாம் வகுப்போடு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, சரக்குக் கணக்கில் கூட்டலும் கழித்தலும் போட்டுக் குடும்பம் நடத்துகிறவன். ஆனால் வரவு எங்கே எழுதப்படுகிறது, செலவு யார் தலையில் எழுதப்படுகிறது என்று பார்க்கும் பழக்கம் இந்த வேலையில் தானாக வந்துவிடுகிறது. மின்சாரத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

விலை விழுந்த கதை

கல்கத்தாவுக்கு மின்சாரம் புதிதல்ல. 1899இலேயே இமாம்பாக் சந்தில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்து இந்நகரத்துக்கு விற்றார்கள். அன்று முதல் இன்றுவரை இந்நகரத்தின் விளக்கு ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரியில்தான் எரிகிறது. நிலக்கரி இருந்தும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் லோட் ஷெடிங் என்ற சொல்லைக் கல்கத்தாவில் குழந்தைகள் அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கற்றன என்று என் தாயார் சொல்வார். அரிக்கேன் விளக்கும் பனையோலை விசிறியும் இல்லாத வீடு அன்று கிடையாது.

சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சிலிக்கான் தகடு 1954இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது. நெடுங்காலம் அது செயற்கைக்கோள்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் பொருளாக இருந்தது. 2010இல் நம் நாட்டில் தேசிய சூரிய மின் திட்டம் தொடங்கியபோது, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு. இது பணக்காரர் விளையாட்டு என்று அன்று நாம் சொன்னதில் தவறில்லை. ஆனால் 2017இல் ராஜஸ்தானின் பாட்லாவில் நடந்த ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. 2020இல் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசுக்கு வந்தது. பத்தே ஆண்டில் ஒன்பதில் ஒரு பங்காக விலை குறைந்த பண்டம் வேறு எது? அரிசியா, வாடகையா, மருந்தா? புதிதாகக் கட்டப்படும் அனல்மின் நிலையத்தின் மின்சாரமோ யூனிட்டுக்கு 5 ரூபாயைத் தாண்டுகிறது.

ஆகவே "சோலார் விலை அதிகம், ஏழை நாட்டுக்கு ஏற்றதல்ல" என்ற பழைய வாதம் செத்துவிட்டது. அதை நம் தோழர்களில் சிலர் இன்னும் தூக்கிக்கொண்டு திரிவது சரியல்ல.

இந்த விலைச் சரிவின் பலன் மக்களுக்கு அப்படியே வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்று, சுமார் 2,500 ஏக்கரில் எழுந்தது. அன்று ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய நிலையம் என்று புகழப்பட்டது. அதன் மின்சாரத்தை யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு 25 ஆண்டு வாங்குவதாகத் தமிழ்நாடு 2015இல் ஒப்பந்தம் செய்தது. இரண்டே ஆண்டில், 2017இல், அதே தமிழ்நாடு விட்ட ஏலத்தில் விலை 3 ரூபாய் 47 காசுக்கு வந்தது. அதே சூரியன், அதே வெயில். ஒப்பந்தப் பத்திரத்தில் மட்டும் இரண்டு மடங்கு விலை. விலை விழுந்துகொண்டிருக்கும் பண்டத்துக்கு 25 ஆண்டு விலையை முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் நட்டம் யாருக்கு? கட்டணம் செலுத்தும் நமது அண்ணன் தம்பிகளுக்குத்தான்.

சொல்லப்படாத செலவுகள்

சூரியன் மாலை ஆறு மணிக்கு வேலைநிறுத்தம் செய்துவிடுகிறான். அவனோடு எந்த நிர்வாகமும் பேச்சுவார்த்தை நடத்த முடியாது. நாம் வேலை முடித்து வீடு திரும்பி விளக்குப் போடுவதோ அதற்குப் பிறகுதான். ஏலத்தில் சொல்லப்படும் 2 ரூபாய் பகல் மின்சாரத்தின் விலை. அதை இரவுக்குச் சேமித்து வைக்கும் செலவு தனி. 2025இல் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது என்று அரசு அறிவித்தது. உண்மைதான். ஆனால் உண்மையில் உற்பத்தியான மின்சாரத்தில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. திறன் வேறு, உற்பத்தி வேறு. பத்துப் பேர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்து, இரண்டு பேர் மட்டும் இருக்கையில் இருந்தால் வேலை எவ்வளவு நடக்கும் என்று அலுவலகத் தோழர்களுக்குத் தெரியும்.

காற்றும் அப்படித்தான். 1986இல் தூத்துக்குடியில் சில சிறிய காற்றாலைகளோடு தொடங்கிய தமிழ்நாடு, இன்று முப்பந்தல், செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றைப் பிடித்து 10,000 மெகாவாட்டுக்கு மேல் திறனை வளர்த்துள்ளது. ஆனால் ஆடிக் காற்று ஆடியோடு போகிறது. மே முதல் செப்டம்பர் வரை கொட்டும். பிறகு காற்றாலைகள் பல நாள் சும்மா நிற்கும். 2012இல் நம் ஊர்ப்பக்கம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தபோது, காற்றாலைகள் நிறைந்த மாநிலமும் இருட்டில்தான் கிடந்தது.

சேமித்து வைக்க வழி இல்லாமல் இல்லை. நம் மேற்கு வங்கத்திலேயே புருலியாவின் அயோத்தியா மலையில் 900 மெகாவாட் நிலையம் ஒன்று இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழணையின் நீரை மேலணைக்கு ஏற்றி, தேவைப்படும் மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதே மலையில் துர்கா என்ற இன்னொரு திட்டம் வந்தபோது, தங்கள் காடு போகும் என்று சாந்தால் மக்கள் நீதிமன்றப் படியேறினார்கள்.

இந்தப் பகுதியில் யாரும் பஞ்சேத் அணையை மறக்கலாகாது. 1959 டிசம்பர் 6 அன்று அதைத் திறக்க வந்த நேரு, தொழிலாளியான புத்னி மெஜான் என்ற சாந்தால் சிறுமியையே பொத்தானை அழுத்தச் சொன்னார். அன்று அவர் நேருவுக்கு மாலையிட்டதால் திருமணம் ஆகிவிட்டது என்று சொல்லி அவருடைய சமூகமே அவரை ஒதுக்கி வைத்தது. 1962இல் வேலையும் போயிற்று. 2023இல் அவர் இறந்தார். நாட்டுக்கு வெளிச்சம் தந்த கைக்கு வீட்டில் இடமில்லாமல் போனது. மாசில்லாத மின்சாரம் என்று நாம் சொல்லும்போது, புகை மட்டும்தான் மாசு என்று எண்ணிவிடக்கூடாது.

அணுமின்சாரத்தை மாற்று வழி என்பவர்களுக்கும் ஒரு சொல். கூடங்குளத்துக்கு சோவியத் நாட்டோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 1988இல்; முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 இறுதியில். இடையில் இடிந்தகரை மீனவர்கள் பட்ட பாடு தனிக் கதை. இங்கே மேதினிப்பூர் கடற்கரையில் ஹரிப்பூரில் வரவிருந்த அணுமின் நிலையமோ மக்கள் எதிர்ப்பால் 2011இல் கைவிடப்பட்டது. இருபத்தாறு ஆண்டு காத்திருக்க ஏழைக்கு நேரமில்லை.

சுந்தரவனம் கற்பித்த பாடம்

மாற்று மின்சாரம் என்றதும் ஜெர்மனியையும் சீனாவையும் பார்க்க வேண்டியதில்லை. சியால்தாவில் நாம்கானா லோக்கலில் ஏறி, காக்துவீப்பில் இறங்கி, முரிகங்கா ஆற்றைப் படகில் தாண்டினால் சாகர் தீவு. அங்கே கமல்பூர் கிராமத்தில் 1996இலேயே 26 கிலோவாட் சூரிய மின் நிலையம் வந்தது. மாலையில் சில மணி நேரம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் விளக்கு எரிந்தது. மண்ணெண்ணெய்ப் புகையில் படித்த பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. 1997இல் கோசாபாவில் விறகை வாயுவாக்கி எரிக்கும் 500 கிலோவாட் நிலையத்தை ஒரு கூட்டுறவுச் சங்கம் நடத்தியது. யார் எவ்வளவு கட்டுவது, எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை ஊர்க்காரர்களே பேசி முடிவெடுத்தார்கள்.

இதே சுந்தரவனத்தில் துர்காதுவானி ஓடையில் கடல் ஏற்ற இறக்கத்திலிருந்து 3.75 மெகாவாட் எடுக்கும் திட்டமும் போடப்பட்டது. மதிப்பீடு 238 கோடி ரூபாய்க்குப் போயிற்று. ஒரு மெகாவாட்டுக்கு 63 கோடி! திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டதே நியாயம். அலைக்கும் கடலுக்கும் ஆசைப்பட்டு எல்லாப் புதுமையையும் ஆதரிப்பது நம் வேலையல்ல. ஒவ்வொன்றையும் கணக்கில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

இங்கே கிடைக்கும் பாடம் என்ன? தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். பேட்டரி உழைக்காது, ஈய பேட்டரி நான்கைந்து ஆண்டில் கைவிரிக்கும். மாற்றப் பணம் ஒதுக்காத இடத்தில், பழுது பார்க்க உள்ளூர்ப் பையன் ஒருவனுக்கு வேலை கற்றுத் தராத இடத்தில், நிலையம் காட்சிப் பொருளாகிவிடும். திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார். பேட்டரி மாற்ற யாரும் வரமாட்டார்.

நிலக்கரியும் நம் ரயில் டிக்கெட்டும்

இது நான் தினமும் பார்க்கும் விஷயம். இந்திய ரயில்வே ஏற்றும் சரக்கில் எடையில் ஏறத்தாழ பாதி நிலக்கரி. 2022 ஏப்ரலில் கோடை கடுமையாகி மின் நிலையங்களில் நிலக்கரி குறைந்தபோது, நிலக்கரி ரேக்குகளுக்கு வழிவிட அறுநூறுக்கும் மேற்பட்ட பயணிகள் ரயில் நடைகள் ரத்து செய்யப்பட்டன. மனிதன் நின்றான், கரி போயிற்று.

ஆனால் மறுபக்கமும் உண்டு. பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காடுதான் கட்டணமாக வசூலாகிறது என்று ரயில்வே டிக்கெட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். மீதியைச் சுமப்பது சரக்கு வருமானம். அதில் பெரும்பங்கு நிலக்கரி. ஷாலிமாரிலிருந்து கோரமண்டலில் சென்னை போகும் நம் குடும்பங்களின் டிக்கெட்டில், ஒரு பங்கை அந்தக் கரி வேகன்தான் கட்டுகிறது. நிலக்கரி குறைய வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. கோலாகாட் அனல்மின் நிலையத்தின் சாம்பல் விழுந்த பூந்தோட்டங்களைப் பார்த்தவன் நான். பீர்பூமில் தேவ்சா-பாச்சாமி சுரங்கத்துக்காக ஊரைவிட்டுப் போகச் சொல்லப்படும் மக்களின் பக்கம் நிற்கிறவன். ஆனால் நிலக்கரி குறையும்போது ரயில்வேயின் பள்ளத்தை யார் நிரப்புவார்கள்? இரண்டாம் வகுப்புப் பயணியா, அரசா? இதை இப்போதே கேட்காவிட்டால், பிறகு கட்டண உயர்வாக வந்து நிற்கும்.

என் தகப்பனார் கரக்பூர் லோகோ ஷெட்டில் நீராவி என்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன். 1974 மே மாத வேலைநிறுத்தத்தில் இருபது நாளும் நின்றவர். நீராவி என்ஜின்கள் ஓய்ந்தபோது அவர் கதி என்ன ஆயிருக்க வேண்டும்? ஆனால் அவருக்குப் பயிற்சி தந்து, மின்சார என்ஜினில் துணை ஓட்டுநராக ஏற்றினார்கள். காரணம் கருணை அல்ல, சங்கம் இருந்தது. இன்று அசன்சோல், ராணிகஞ்ச் சுரங்கங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் ஒப்பந்தக் கூலிகளாக இருப்பவர்களுக்கு அந்தச் சங்க பலம் இருக்கிறதா? மாற்று மின்சாரம் வேண்டும் என்கிற நாம், அவர்களுக்கு மாற்று வேலை எங்கே என்றும் அதே மூச்சில் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

வாடகைக் குடித்தனக்காரன் எங்கே?

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு கோடி வீடுகளின் கூரையில் சோலார் அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. 3 கிலோவாட்டுக்கு அரசு குறித்த அடிப்படை விலை 1,45,000 ரூபாய், மானியம் 78,000. கைப்பணம் 67,000. சுமார் 300 சதுர அடி வெயில்படும் இடம் வேண்டும். கல்கத்தா வெயிலில் மழைக்காலத்தையும் சேர்த்து மாதம் சராசரி 300 யூனிட் கிடைக்கும் என்று வைத்தால், யூனிட் 7 ரூபாய் கணக்கில் 2,100 ரூபாய் மிச்சம். மூன்று ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். சந்தை விலை கூடுதலாக இருந்தால் இன்னும் ஓராண்டு. அதற்குப் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் லாபம்.

நல்ல வியாபாரம்! ஆனால் யாருக்கு? கூரை வைத்திருப்பவனுக்கு. நம் உறுப்பினர்களில் சொந்தக் கூரை எத்தனை பேருக்கு உண்டு? லேக் மார்க்கெட்டிலும் கஸ்பாவிலும் பெஹாலாவிலும் நாம் வாடகைக் குடித்தனக்காரர்கள். மொட்டை மாடியில் துணி உலர்த்தவே வீட்டுக்காரர் முகம் பார்த்து அனுமதி கேட்பவர்கள். நாம் கட்டும் வரியிலிருந்து போகும் மானியம் வீட்டுக்காரரின் மின் கட்டணத்தைக் குறைக்கும். நமது வாடகையைக் குறைக்காது. சூரியன் எல்லோருக்கும் பொது. கூரை மட்டும் தனிச் சொத்து. பிழைக்க வந்த ஊரில் வெயில்கூட நமக்கு வாடகைக்குத்தான்.

இதற்கு வழி உண்டு. டில்லியில் 2019இலேயே ஒரு முறை கொண்டு வந்தார்கள். பலர் சேர்ந்து வேறொரு இடத்தில் சோலார் நிறுவி, அதன் யூனிட்டுகளை அவரவர் வீட்டு மீட்டர் கணக்கில் பங்கு பிரித்து வரவு வைக்கும் முறை அது. கூரை இல்லாதவனும் பங்குதாரர் ஆகலாம். வாடகைக் குடித்தனக்காரனுக்கு அந்த உரிமை இங்கே எளிதாகக் கையில் கிடைக்க வேண்டும்; மானியமும் அதோடு சேர்ந்து வர வேண்டும். பள்ளிக்கூடம், சந்தை, ரயில்வே குடியிருப்பு ஆகியவற்றின் கூரைகள் வெயிலில் சும்மா காய்கின்றன. அவை எல்லாம் பொதுச் சொத்து. அங்கிருந்து தொடங்கட்டும்.

பொதுக்குழுவுக்கு என் யோசனை

இனி தீர்மானத்துக்கு வருகிறேன். மானியம் குடியிருப்பு வீடுகளுக்கு மட்டும். சங்கக் கட்டடத்துக்குக் கிடையாது. ஆகவே 3 லட்சமும் நம் கைப்பணம். மாதம் 500 யூனிட் கிடைத்து, முழுவதும் பயன்பட்டால் அல்லது வரவு வைக்கப்பட்டால், மாதம் 3,500 ரூபாய் மிச்சம். போட்ட பணம் திரும்ப ஏழாண்டு ஆகும். இடையில் பழுதுச் செலவு தனி.

இன்னொன்றையும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 மே 20இல் ஆம்பன் புயல் அடித்தபோது எங்கள் சந்தில் ஐந்து நாள் மின்சாரம் இல்லை. மாடியில் சோலார் போட்டிருந்த நண்பர் ஒருவர் வீட்டிலும் இருட்டுத்தான். தெருக் கம்பியோடு இணைந்த தகடு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளி உயிர் போகாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது, சரியான ஏற்பாடு. பேட்டரியும் அதற்குரிய கருவியும் இருந்தால்தான் புயலிரவில் விளக்கு எரியும்.

என் யோசனை நான்கு. ஒன்று, ஊருக்கு உடலை அனுப்பும் நிதியில் ஒரு பைசாவும் தொடக்கூடாது. பொருளாளர் சொன்னதே சரி. நம்மில் ஒருவர் இங்கே கண்மூடினால், அவர் மனைவியும் மக்களும் நள்ளிரவில் கடனுக்கு அலையாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஏழாண்டு காத்திருக்கும் பணமல்ல. ஏழு மணி நேரத்தில் வேண்டிய பணம். இரண்டு, சோலார் வேண்டும். ஆனால் 2 கிலோவாட்டில் தொடங்குவோம். தகட்டுக்கும் பேட்டரிக்கும் தனிப் பங்கு திரட்டுவோம். பங்கு 500 ரூபாய். ஒருவருக்கு எத்தனை பங்கானாலும் ஒரே வாக்கு. மூன்று, மின் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையில் பாதியைப் பேட்டரி மாற்றும் நிதியாகத் தனிக் கணக்கில் போடுவோம். சுந்தரவனத்துப் பாடத்தை மறக்க வேண்டாம். நான்கு, மின்வெட்டு நாளில் சங்க வாசல் தமிழர், வங்காளி, பீகாரி என்ற பேதமின்றி இந்தத் தெருவுக்கே திறந்திருக்கும் என்று தீர்மானத்தில் எழுதுவோம். கைபேசிக்கு உயிரூட்டவும், குழந்தைக்கு வெந்நீர் வைக்கவும், நோயாளி சிறிது நேரம் மின்விசிறிக் காற்றில் படுக்கவும் ஓர் இடம் இருக்கட்டும்.

இதைச் செய்துவிட்டு, வாடகைக் குடித்தனக்காரருக்கும் சூரிய மின்சாரத்தில் பங்கு வேண்டும் என்ற மனுவோடு பக்கத்துச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு மின்துறை வாசலுக்குப் போவோம். பொதுக்குழுவுக்கு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு மின் கட்டண ரசீது ஒன்றையும் எடுத்து வாருங்கள். மனுவோடு அதைத்தான் இணைக்கப் போகிறோம்.